கேட்டது மூன்று, கொடுத்தது ஒன்பது: சிற்பி கார்ப்போவும் அவர் காட்டாத ஓவியங்களும்

கேள்வி: பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் 'நடனம்' என்ற பெரிய கல்சிற்பத்தைப் பார்த்தேன். செய்தவர் ழான் பாப்திஸ்த் கார்ப்போ, சிற்பி, ஓவியர் என்று எழுதியிருந்தது. அதே நூற்றாண்டின் சிற்பி ரோடானைப் பற்றி ஓரளவு படித்திருக்கிறேன். இவரைப் பற்றி எதுவுமே தெரியாது. யார் இவர்? ஓவியராக இவருக்கு உண்மையிலேயே ஓர் இடம் உண்டா, அல்லது சிற்பி பொழுதுபோக்காக வரைந்தவைதானா?

பதில்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்கு இல்லை. கார்ப்போவின் ஓவியங்களில் பெரும்பாலானவை அவர் உயிரோடு இருந்தவரை பொதுமக்கள் பார்வைக்கு வரவே இல்லை. அவற்றை விற்பதற்கோ, கண்காட்சிக்கு அனுப்புவதற்கோ அவர் வரையவில்லை. அதனாலேயே அவற்றில் யாருக்கும் பணிய வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு கை தெரிகிறது. சிற்பத்தில் அவர் வாழ்நாள் முழுவதும் புரவலர்களோடும் கட்டடக் கலைஞர்களோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடுவார்.

அவர் 1827 மே 11 அன்று பிரான்சின் வட எல்லையில், பெல்ஜியத்தை ஒட்டிய வலான்சியென் நகரில் பிறந்தார். தந்தை கொத்தனார், தாய் பூவேலை லேஸ் பின்னுபவர். ஓவியர் வாத்தோவும் அதே ஊர்க்காரர்தான். 1838இல் குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. கைத்தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கு இலவசமாக வரைகலை கற்பித்த 'சின்னப் பள்ளி'யில் சேர்ந்தார். பிற்காலத்தில் பாரிஸ் ஓப்பராவைக் கட்டிய ஷார்ல் கார்னியேயும் அங்கேதான் படித்தார். 1844இல் கார்ப்போ நுண்கலைப் பள்ளிக்குள் நுழைந்து ஃபிரான்சுவா ரூடின் மாணவரானார். பாரிஸ் வெற்றி வளைவில், வாயைத் திறந்து கூவியபடி வீரர்களைப் போருக்கு அழைக்கும் பெண்ணுருவைச் செதுக்கியவர்தான் ரூட்.

ரூடின் மாணவர்களுக்கு, இளம் கலைஞர்களை ரோமுக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் ரோமாபுரிப் பரிசு கிடைப்பதில்லை என்பது அன்று பட்டறைகளில் ஊரறிந்த சங்கதி. அந்தப் பரிசு இல்லாமல் அரசு வேலைகள் கிடைப்பது கடினம். கார்ப்போ கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆசிரியர் மீது மரியாதை குறையாமலே ரூடை விட்டு, தேர்வுக்குழுவுக்குப் பிடித்தமான டுரேயின் பட்டறைக்கு மாறினார். பரிசுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 1854இல் கிரேக்கக் காவியத்தில் வரும் ட்ராய் வீரன் ஹெக்டர் தன் கைக்குழந்தைக்காகத் தேவர்களை வேண்டும் சிலையால் அதை வென்றார். இடையில் இன்னொரு காரியமும் செய்தார். மூன்றாம் நெப்போலியன் அல்ஜீரியத் தலைவர் அப்துல் காதிரை வரவேற்கும் காட்சியைப் புடைப்புச் சிற்பமாக வடித்து, பேரரசர் வட பிரான்சில் சுற்றுப்பயணம் வந்தபோது ஊர் ஊராகப் பின்தொடர்ந்து போய் அதைக் காட்ட முயன்றார். கடைசியில் அவர் கண்ணில் பட்டு, பளிங்கில் செய்யும் உத்தரவையும் பெற்றார். இதைக் கூழைக்கும்பிடு என்று சிலர் எழுதுகிறார்கள். கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று கேட்டுக்கொண்டால் அந்தக் கோபம் கொஞ்சம் தணியும்.

1856 தொடக்கத்தில் ரோம் சேர்ந்தார். பரிசு பெற்றவர்கள் தங்கும் வில்லா மெடிச்சியில் பழைய கிரேக்க, ரோமச் சிலைகளைப் படித்து ஆண்டுதோறும் பாரிஸுக்கு ஒரு வேலையை அனுப்ப வேண்டும். முதலில் அனுப்பியது சங்கைக் காதில் வைத்துக் கேட்டுச் சிரிக்கும் நேப்பிள்ஸ் மீனவச் சிறுவன். இது சமர்த்தான தேர்வு: ரூட் ஏற்கெனவே ஆமையோடு விளையாடும் மீனவச் சிறுவனைச் செய்து புகழ் பெற்றிருந்தார், டுரே ஆடும் மீனவனைச் செய்திருந்தார். ஒரே சிலையில் இரண்டு ஆசிரியர்களுக்கும் வணக்கம் வைத்தாயிற்று. பிற்காலத்தில் அதன் பளிங்கு வடிவத்தைப் பேரரசி யூஜெனியே வாங்கினார்.

ஆனால் அவர் மனம் வேறெங்கோ இருந்தது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோவின் 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தின் முன்னால் அவர் செலவிட்ட நேரத்தின் விளைவுதான் 'உகோலினோவும் மகன்களும்'. தாந்தேயின் 'நரகம்' காண்டத்தின் 33ஆம் பாடலில் வரும் கதை அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பீசா நகரப் பிரபு உகோலினோவை மகன்களோடும் பேரன்களோடும் ஒரு கோபுரத்தில் அடைத்துப் பட்டினி போட்டுக் கொல்கிறார்கள். துயரம் தாங்காமல் அவர் தன் கையைக் கடிக்க, பசியால் கடிக்கிறார் என்று நினைத்த பிள்ளைகள் 'எங்களைத் தின்னுங்கள் அப்பா' என்கிறார்கள். கடைசியில் அவர் தின்றாரா இல்லையா என்பதைத் தாந்தே இருட்டிலேயே விட்டுவிடுகிறார். கார்ப்போ பிடித்தது அந்தக் கேள்வி எழும் கணத்தை.

வில்லாவின் விதிகளின்படி இது எல்லா வகையிலும் தப்பு. மாணவர் அனுப்பும் சிற்பத்தில் ஓரிரு உருவங்கள்தான் இருக்கலாம், இதில் ஐந்து. கதை பழைய கிரேக்க, ரோமப் புராணங்களிலிருந்தோ விவிலியத்திலிருந்தோ வர வேண்டும். இது இத்தாலியக் கவிஞன் சொன்ன கதை. இயக்குநர் ஷ்னெட்ஸோடு தகராறு முற்றியது, கார்ப்போ விட்டுக்கொடுக்கவில்லை. 1861இல் பிளாஸ்டர் வடிவம் முடிந்தது. அடுத்த ஆண்டு அரசே அதை வெண்கலத்தில் வார்த்து துய்லரித் தோட்டத்தில், புகழ்பெற்ற லாவோகோன் சிலையின் பிரதிக்கு இணையாக வைத்தது. அந்த வெண்கலம் இன்று ஓர்சேயில் இருக்கிறது. பளிங்கு வடிவம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். அடுத்த முறை பார்த்தால் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். உகோலினோவின் கால்விரல்களைப் பாருங்கள். ஒரு பாதம் இன்னொன்றின் மேல் ஏறி, விரல்கள் சுருண்டு இறுகியிருக்கின்றன. நாடகத்தனமான முகம் என்று குறை சொல்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. அந்த விரல்களை மட்டும் காட்டுவேன்.

ரோமில் ஒரு காதலும் இருந்தது. மலைக் கிராமமொன்றிலிருந்து வந்த பார்பரா பாஸ்குவரெல்லி என்ற இளம்பெண். 'பலோம்பெல்லா' என்று அழைத்தார்கள். அவள் மார்பளவுச் சிலையைச் செய்தார். 1861இல் அவள் இறந்துபோனாள்.

1862இல் பாரிஸ் திரும்பியதும் அரசவை அவரை அள்ளிக்கொண்டது. பேரரசரின் உறவினரான இளவரசி மாத்தில்தின் மார்பளவுச் சிலை பெயர் வாங்கித் தந்தது. பட்டத்து இளவரசனுக்குக் கலைப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் அமர்த்தப்பட்டார். அதன் பயனாக வந்ததுதான் 1865இல் உருவான 'இளவரசனும் நீரோ என்ற நாயும்'. கிரீடம் இல்லை, வாள் இல்லை, அங்கி இல்லை. சாதாரணப் பணக்கார வீட்டுப் பையன் அணியும் சட்டை, கால்சட்டையோடு நாயின் மேல் கை போட்டு நிற்கிறான். 1870இல் பேரரசு கவிழ்ந்த பிறகும் இதன் சிறு பிரதிகள் விற்றன, 'நாயோடு ஒரு சிறுவன்' என்று பெயரை மாற்றி. அரசியல் போனாலும் வியாபாரம் போகக் கூடாதல்லவா. அந்தச் சிறுவனின் முடிவு சோகமானது: நாடு கடந்து வளர்ந்து, 1879இல் தென்னாப்பிரிக்காவில் ஜூலுப் போரில், ஆங்கிலேயப் படையோடு போன இடத்தில் கொல்லப்பட்டான்.

இதே ஆண்டுகளில் லூவ்ரின் ஃப்ளோர் மாடத்துக்குச் சிற்பம் செய்தார். ஆற்றைப் பார்த்த முகப்பில் பூத்தேவி ஃப்ளோரா குத்துக்காலிட்டுச் சிரிக்க, குழந்தைகள் சுற்றிலும் ஆடுகிறார்கள். புடைப்புச் சிற்பம் சுவரை விட்டு வெளியே அளவுக்கு மீறித் துருத்துகிறது, செதுக்கிக் குறைக்க வேண்டும் என்றார் கட்டடக் கலைஞர் லெஃபுவெல். பேரரசரே பார்த்து, இருக்கட்டும் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. எப்படியோ, குறைக்கவில்லை. அந்தத் துருத்தலால்தான் வெயில் விழும்போது ஃப்ளோராவின் உடலில் ஆழமான நிழல்கள் படிகின்றன.

இப்போது நீங்கள் பார்த்த 'நடன'த்துக்கு வருவோம். 1863இல் கார்னியே தன் புதிய ஓப்பரா மாளிகையின் முகப்புக்கு நான்கு சிற்பத் தொகுதிகளை நான்கு சிற்பிகளிடம் கொடுத்தார். நால்வரும் ரோமாபுரிப் பரிசு பெற்றவர்கள். ஒவ்வொன்றிலும் மூன்று உருவங்கள், அமைதியான நிலை, கட்டடத்தின் கோட்டுக்குள் அடங்க வேண்டும். மற்ற மூவரும் அப்படியே செய்தார்கள். ஓப்பராவுக்குப் போய் நின்று பாருங்கள்; அந்த மூன்றும் ஒழுங்காக நிற்கின்றன, நினைவில் தங்குவதில்லை. கார்ப்போ பல வடிவங்களை வரைந்து, களிமண்ணில் பிசைந்து, கலைத்து, கடைசியில் ஒன்பது உருவங்களோடு வந்தார். நடுவில் தம்பட்டம் தூக்கிய கையோடு நடன தேவன் மேலெழும்ப, ஆடையில்லாத பெண்கள் கைகோத்து வட்டமாகச் சுழல்கிறார்கள். மூச்சு வாங்குகிறது, தோள் சாய்கிறது, ஒருத்திக்குக் கால் இடறும் போலிருக்கிறது. நடன தேவனின் உடலுக்கு மாதிரியாக நின்றவர் ஒரு தச்சுத் தொழிலாளி. முகம் எலேன் தெ ராகோவிட்சா என்ற பெண்ணுடையது. ஜெர்மன் சோசலிசத் தலைவர் லசால் 1864இல் துப்பாக்கி இருவர்போரில் உயிர்விட்டது இவரை முன்னிட்டுத்தான். கார்னியே பழைய பள்ளித் தோழர். முணுமுணுத்தாரே தவிர, தடுக்கவில்லை. கட்டடத்தின் ஒழுங்கு கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை, நல்ல சிற்பம் கெட வேண்டாம் என்று முடிவுசெய்தார். கட்டடக் கலைஞர்களில் இது அபூர்வமான குணம்.

1869 கோடையில் திரை விலகியதும் கூச்சல் எழுந்தது. நிர்வாணம் பாரிஸுக்குப் புதிதல்ல. ஊரெங்கும் நிர்வாணச் சிலைகள்தான். ஆனால் அவை வழுவழுப்பான தேவதைகள். இங்கே சதை மடிகிறது, சிரிப்பில் பல் தெரிகிறது. குடித்துவிட்டு ஆடும் பெண்கள் என்று பத்திரிகைகள் வைதன. குடும்பத்தோடு இந்தப் பக்கம் வர முடியவில்லை என்று முறையிட்டார்கள். ஆகஸ்ட் 26 இரவு யாரோ ஒரு மைப்புட்டியை வீசினார்கள். ஒரு நடனப் பெண்ணின் வெள்ளைத் தொடையில் கறுப்புக் கறை வழிந்தது. எறிந்தவர் கடைசிவரை பிடிபடவில்லை. கறையைப் பார்க்கவே கூட்டம் கூடியது. பிறகு மருந்து போட்டு அதை அகற்றினார்கள். சிற்பத்தை எடுத்துவிட்டு வேறொன்று வைக்க முடிவாகி, குமெரி என்ற சிற்பியிடம் புதிய தொகுதி கேட்கப்பட்டது. அதற்குள் பிரஷ்யப் போர் வந்தது, பேரரசு விழுந்தது, 1871 ஜனவரியில் குமெரியும் இறந்தார். அதன்பின் இதைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை. 1875 ஜனவரியில் ஓப்பரா திறந்தபோது 'நடனம்' அதே இடத்தில் இருந்தது. நகரத்துப் புகையில் கல் அரிக்கத் தொடங்கியதால் 1964இல் அதை லூவ்ருக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் ஓர்சேக்கு வந்தது. ஓப்பரா முகப்பில் இப்போது நிற்பது சிற்பி போல் பெல்மோந்தோ செய்த பிரதி. நடிகர் ழான் போல் பெல்மோந்தோவின் தந்தைதான் இவர்.

இந்த இடத்தில் அவர் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓவியம் அங்கிருந்துதான் புரியும். கார்ப்போவின் பையில் எப்போதும் சிறு வரைபுத்தகம் இருக்கும். தெருவில், விருந்தில், எங்கே உட்கார்ந்தாலும் கோடு இழுப்பார். பட்டறைக்கு வந்து அதையே உள்ளங்கை அளவு களிமண்ணில் பிடிப்பார். அந்தக் களிமண் உருவங்களில் கட்டைவிரல் அழுந்திய தடம் அப்படியே இருக்கும்; முகம் இருக்காது, கை எங்கே முடிகிறது என்று தெரியாது, ஆனால் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பளிச்சென்று தெரியும். அதிலிருந்து பெரிய பிளாஸ்டர் வடிவம். அதை அளவெடுத்துப் பளிங்கில் செதுக்குவது பெரும்பாலும் உதவியாளர்கள். அந்தக் காலத்தில் எல்லாச் சிற்பிகளின் பட்டறையிலும் இதுதான் வழக்கம். ஆக, பளிங்கு ஊருக்கு. களிமண்தான் அவருடைய கை. ஓவியமும் அந்தக் களிமண் வகையைச் சேர்ந்தது.

ஓர்சேயில் உள்ள இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே 1867ஐச் சேர்ந்தவை. ஒன்று துய்லரி அரண்மனையில் மாறுவேட நடன விருந்து. மற்றவர்கள் அந்த விருந்துகளை ஒவ்வொரு ரத்தினமும் எண்ணும்படி வரைந்தார்கள். கார்ப்போவின் படத்தில் வெளிச்சமும் துணியும் தோள்களும் தூரிகைப் பூச்சாகக் கலந்து போகின்றன. யார் யார் என்று அடையாளம் காணத் தவிக்க வேண்டும். இன்னொன்று அந்த ஆண்டு ஜூன் 6 அன்று நடந்த கொலை முயற்சி. உலகக் கண்காட்சிக்கு வந்திருந்த ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர், மூன்றாம் நெப்போலியனோடு படை அணிவகுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பெரெசோவ்ஸ்கி என்ற போலந்துக்காரர் சுட்டார்; குறி தவறியது. அரசவைச் சிற்பி இதை எப்படி வரைந்திருக்க வேண்டும்? கம்பீரமான பேரரசர்கள், அடங்காத குதிரைகள், தெளிவான வீரம். கார்ப்போ வரைந்ததில் அதெல்லாம் இல்லை. பழுப்பும் கறுப்புமாய் ஒரு குழப்பம். துப்பாக்கி வெடித்த அந்த நொடியில் கூட்டத்தில் நின்ற ஒருவனுக்கு என்ன தெரிந்திருக்குமோ அதுதான் படத்தில் இருக்கிறது. இதை அரண்மனையில் மாட்ட முடியாது. மாட்டச் சொல்லி அவர் கொடுக்கவும் இல்லை.

1870 வாக்கில் வரைந்த ஒரு பிரசவக் காட்சியும் உண்டு. அன்றைய ஓவியத்தில் இந்தப் பொருளே கிடையாது. மாதாவும் குழந்தையும் வரலாம், பிரசவ வலி வரக் கூடாது. 1869 ஏப்ரலில் கார்ப்போ ஜெனரல் மோன்ஃபோர்ட்டின் மகள் அமெலியை மணந்திருந்தார். மூத்த மகன் ஷார்ல் 1870இல் பிறந்தான். அந்தப் படத்தில் மனிதர்கள் ஒரு படுக்கையைச் சுற்றித் திரண்ட நிழல்களாக இருக்கிறார்கள். அது இனிய குடும்பப் படம் அல்ல, பயந்துபோன ஒருவர் பார்த்த காட்சி.

இவை முடிக்கப்படாத வரைவுகள்தானே என்று கேட்கலாம். கலை வரலாற்றுப் புத்தகங்கள் நெடுங்காலம் அப்படித்தான் ஒதுக்கின. என் கருத்து வேறு: முடிப்பதில் அவருக்கு அக்கறை இல்லாத இடத்தில்தான் அவர் மிகத் துணிச்சலாக இருக்கிறார். ஆனாலும் இம்ப்ரெஷனிஸ்டுகளுக்கு முன்னோடி என்று பட்டம் கட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் பகல் வெளிச்சத்தைத் தேடிப் போனார்கள். இவருக்கு இருட்டும் விளக்கொளியும் போதும். ஓவியத்தில் இவருடைய உறவினர்கள், கொந்தளிப்பான காட்சிகளை வரைந்த முந்தைய தலைமுறை ஓவியர்களான ஜெரிகோவும் தெலக்ருவாவும்தான்.

கடைசி ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவை படிக்க இனிமையானவை அல்ல. பாரிஸ் கம்யூன் கலவரத்தின்போது 1871இல் லண்டன் போனார். 1873 ஜனவரியில் நாடிழந்த மூன்றாம் நெப்போலியன் இங்கிலாந்தில் இறந்தபோது ஓடிப்போய், சவப்பெட்டியில் கிடந்த முகத்தை வரைந்தார்; தூக்கிவிட்டவருக்கு அவர் செய்த கடைசி மரியாதை. ஓத்தேய் பகுதியில் இருந்த அவர் பட்டறை இதற்குள் ஒரு தொழிற்கூடம் போல ஆகியிருந்தது: புகழ்பெற்ற சிலைகளின் தலைகளை மட்டும் தனியாக எடுத்து, சுட்ட மண்ணிலும் வெண்கலத்திலும் பளிங்கிலும் பல அளவுகளில் விற்பார்கள். 'நடன'த்தில் சிரிக்கும் பெண்களின் தலைகள் அப்படி எத்தனையோ வீட்டு மேசைகளுக்குப் போயின. மணவாழ்வு சந்தேகத்தாலும் சண்டையாலும் முறிந்தது, 1874இல் பிரிந்தார்கள். பட்டறையும் பெற்றோர் கைக்குப் போனது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உடலைத் தின்றது. அந்த ஆண்டில் அவர் தன்னையே வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன; ஒன்றில் வலியில் வாய் பிளந்து அலறுகிறார். உகோலினோவின் வேதனையை 30 வயதில் கற்பனையில் செதுக்கியவர், 47 வயதில் கண்ணாடியைப் பார்த்து வரைந்தது அது. எனக்கு அதுதான் அவருடைய மிகச் சிறந்த ஓவியம். ருமேனிய இளவரசர் ஸ்டிர்பெய் கொடுத்த அடைக்கலத்தில், பாரிஸை அடுத்த கூர்ப்வாவில் பெக்கோன் மாளிகையில், 1875 அக்டோபர் 12 அன்று இறந்தார். வயது 48. சொந்த ஊரான வலான்சியென்னில் புதைத்தார்கள்.

ரோடானைக் குறிப்பிட்டிருந்தீர்கள். சின்னப் பள்ளியில் கார்ப்போ உதவி ஆசிரியராக இருந்த நாட்களில் பதின்வயது ரோடான் அங்கே மாணவர். தொழிலாளர் சிலைகளுக்குப் பெயர்பெற்ற தலூவின் திறமையைக் கண்டுபிடித்து ஊக்கியவரும் கார்ப்போதான். ரோடானும் பிற்காலத்தில் உகோலினோவைச் செய்தார். கார்ப்போவின் சிலையைப் பார்க்காமல் அதைச் செய்திருக்க முடியாது. களிமண்ணில் பதிந்த கைத்தடத்தை அழிக்காமல் அதையே முடிந்த சிற்பமாக நிறுத்தும் துணிச்சல் ரோடானுக்கு வந்தது. கார்ப்போ அதைப் பட்டறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

சர்ச்சைக்குரிய ஒன்றையும் விட்டுவிட முடியாது. லக்சம்பர்க் தோட்டத்துக்குத் தெற்கே வானியல் ஆய்வகத்தை நோக்கிய நீரூற்றுக்காக, ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று நான்கு பெண்கள் வானக்கோளத்தைத் தாங்கும் தொகுதியை அவர் செய்தார், 1874இல் நிறுவப்பட்டது. சும்மா நின்று தாங்கினால் பாரமாகத் தெரிகிறது என்று, நால்வரையும் பூமியோடு சேர்ந்து சுழல வைத்தார். ஆப்பிரிக்காவின் கணுக்காலில் அறுந்த விலங்கு கிடக்கிறது. அந்த உருவத்துக்காகச் செய்த ஆய்விலிருந்து, கயிற்றால் கட்டப்பட்டுத் தோளுக்கு மேல் ஏறிட்டுப் பார்க்கும் ஒரு கறுப்பினப் பெண்ணின் மார்பளவுச் சிலை பிறந்தது. பெயர் 'ஏன் அடிமையாய்ப் பிறக்க வேண்டும்!' பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை 1848இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது; இருபது ஆண்டுகள் கழித்து, விடுதலை பெற்ற பெண்ணையல்ல, கட்டுண்ட பெண்ணையே அவர் காட்டினார். அதைப் பேரரசர் வாங்கினார், பட்டறை பல அளவுகளில் விற்றது, மாதிரியாக நின்ற பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. 2022இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இந்தச் சிலையை நடுவில் வைத்து ஒரு கண்காட்சியே நடத்தி இந்தக் கேள்விகளைக் கேட்டது. அந்த முகத்தின் கோபம் உண்மையானது. அது வரவேற்பறை அலங்காரமாக விற்கப்பட்டதும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

மீண்டும் பாரிஸ் போனால் ஓர்சேயில் 'நடனம்', 'உகோலினோ' இரண்டையும் பார்த்துவிட்டு அந்தச் சிறு ஓவியங்களைத் தேடிப் போங்கள். பெரிய சிலைகளின் பக்கத்தில் அவை எளிதில் கண்ணில் படாது. நீரூற்று தெருவிலேயே இருக்கிறது, டிக்கெட் வேண்டாம். நேரம் இருந்தால் ரயிலேறி வலான்சியென் போகலாம். களிமண் வடிவங்களும் வரைபடங்களும் அதிகம் சேர்ந்திருப்பது அங்கேதான். வாத்தோவுக்குத் தன் ஊரில் சிலை வைக்க வேண்டும் என்று கார்ப்போ நெடுநாள் பாடுபட்டார். அது நிறைவேறியது 1884இல், அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. அதையும் அங்கே பார்க்கலாம்.